நடக்கிறேன், விளையாடுகிறேன்; எடையும் தூக்க வேண்டுமா?

கேட்டவருக்கு வயது 42. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார், வாரக் கடைசியில் பேட்மின்டன் ஆடுகிறார். எடைப்பயிற்சியில் இறங்கினால் உடம்பு இறுகி ஆட்டத்தில் வேகம் குறைந்துவிடுமோ என்று பயம். வாரத்தில் இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும், அதில் பலன் இருக்குமா என்று கேட்கிறார். அம்மாவுக்கு 68 வயது, எலும்பு அடர்த்தி குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அவரும் எடை தூக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

இரண்டு நாள் போதும். வேகம் குறையாது. அம்மாவும் செய்யலாம், ஆனால் அவர் தொடங்கும் இடம் வேறு. அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், நடப்பதை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நடை செய்வதை எடைப்பயிற்சி முழுதாக ஈடுகட்டாது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பல வருடமாக நடக்கும் காலுக்கு நடை புதிதாக எதையும் கேட்பதில்லை. ஒரு தசையில் இருக்கும் இழைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வேலைக்கு வருவதில்லை. லேசான வேலை என்றால் சிறிய நரம்பணுக்களும் அவை இயக்கும் மெதுவான இழைகளும் மட்டும் வரும். சுமை ஏற ஏறத்தான் பெரிய, வேகமான இழைகள் களத்தில் இறங்கும். எல்வுட் ஹென்னமன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1957 தொடங்கி விளக்கிய விதி இது. வயது ஏறும்போது அதிகமாகச் சுருங்குவதும் குறைவதும் இந்த வேகமான இழைகள்தான். கால் இடறும்போது சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளிப்பதும் அவற்றின் உதவியால்தான். எவ்வளவு தூரம் நடந்தாலும் இவற்றுக்குப் பெரிதாக வேலை கிடைக்காது. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் நடை, ஓட்டம் போன்றவற்றுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் என்று சொல்லிவிட்டு, தசையை வலுப்படுத்தும் பயிற்சியை வாரம் இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்வது இதனால்தான். முதல் பாதியை எல்லோரும் பின்பற்றப் பார்க்கிறார்கள். இரண்டாவது பாதி பலர் காதில் விழுவதே இல்லை.

சரி, பலம் எப்படி ஏறுகிறது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் அமெரிக்க ராணுவ மருத்துவரிடம் முழங்கால், தொடை அடிபட்ட வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லேசான எடையைப் பல தடவை தூக்கச் சொல்லி மெதுவாகத் தேற்றுவதுதான் அப்போதைய வழக்கம். டிலோர்ம் அதைத் திருப்பிப் போட்டார். தூக்க முடிகிற அளவுக்குக் கனமான எடை, குறைந்த தடவை, முன்னேற்றத்தைப் பார்த்துப் பார்த்து எடையைக் கூட்டுவது. 1945-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு ஆர்தர் வாட்கின்ஸோடு சேர்ந்து அதை 10 தடவை வீதம் 3 செட் என்று சுருக்கினார். நடுவில் ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுதான் செட். ஒருவர் சரியாக 10 தடவை மட்டுமே தூக்கக்கூடிய எடையில் பாதி முதல் செட்டுக்கு, முக்கால் பங்கு இரண்டாவதுக்கு, முழு எடை மூன்றாவதுக்கு. இன்று எந்த ஜிம்மில் நுழைந்தாலும் காதில் விழும் ‘மூணு செட், பத்து ரெப்ஸ்’ அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ‘மூணு’, ‘பத்து’ என்ற எண்களை வைத்துக்கொண்டு ‘எடையைக் கூட்டுவது’ என்ற உயிர்நாடியைப் பலர் கைவிட்டுவிட்டார்கள். இரண்டு வருடமாக ஒரே டம்பெல்லை ஒரே பத்து தடவை தூக்குபவரை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். தினம் ஒரு புதுப் பயிற்சி, வியர்வை சொட்டச் சொட்ட, மூச்சு முட்ட. களைத்துப் போனால்தான் பயிற்சி நடந்தது என்று நம்புகிறார்கள். தசை களைப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. பழகியதற்குச் சற்று மேலே ஒரு வேலை வந்து, அதற்குப் பிறகு ஓய்வும் சாப்பாடும் கிடைத்தால் அடுத்த முறைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும், அவ்வளவுதான். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக எதைத் தூக்கினேன் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம். பதில் இல்லையென்றால், நீங்கள் செய்வது உடம்பை அசைக்கும் பொழுதுபோக்கு. அதுவும் நல்லதுதான், ஆனால் வேறு விஷயம்.

ஒரு செட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். 12 கிலோ டம்பெல்லின் ஒரு தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து ஸ்குவாட் செய்கிறீர்கள், அதாவது முழங்காலையும் இடுப்பையும் மடக்கிக் கீழே இறங்கி எழுகிறீர்கள். முதல் ஐந்தாறு தடவை எல்லாம் ஒரே வேகத்தில் போகும். ஏழாவதில் எழும்போது நடுவழியில் ஒரு சின்னத் தயக்கம் வரும். எட்டாவதில் நீங்கள் முழு வேகத்தில் எழத்தான் முயல்கிறீர்கள், உடம்பு மெதுவாகத்தான் வருகிறது. இன்னும் ஒன்றிரண்டு எழலாம், அதற்கு மேல் முடியாது என்று தெரிகிறது. அங்கே நிறுத்துங்கள். நல்ல செட் என்பது இதுதான். இருபது தடவை முடிந்தும் அப்படியொரு தயக்கமே வரவில்லையென்றால் எடை போதாது. மூன்றாவதிலேயே குதிகால் தரையை விட்டு எழும்பினால் எடை அதிகம், அல்லது கணுக்கால் இறுக்கம்.

இப்போது ஒரு குறிப்பேடு. “செவ்வாய். ஸ்குவாட் 12 கிலோ: 9, 8, 8. கடைசியில் முதுகு கொஞ்சம் குனிந்தது.” இவ்வளவு போதும். அடுத்த முறை 9, 9, 8 ஆக்கப் பார்க்க வேண்டும். மூன்று செட்டிலும் 10 வந்துவிட்டால் 14 கிலோவுக்குப் போய் மறுபடி 7-லிருந்து தொடங்கலாம். கைபேசியில் எழுதுவதும் சரிதான், ஆனால் எழுதிவிட்டு வேறெதையோ பார்க்கப் போய்ப் பத்து நிமிடம் காணாமல் போகிறவர்களுக்குத் தாளும் பேனாவும் நல்லது.

முதல் ஒரு மாதத்தில் எடை வேகமாக ஏறும், கண்ணாடியில் ஒன்றும் மாறியிருக்காது. ஏமாற வேண்டாம். ஆரம்பத்தில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால்தான் என்பதை மொரிடானியும் டிவ்ரீஸும் 1979-லேயே காட்டினார்கள். தசை பருப்பது பின்னால், மெதுவாக வரும். “ஒரு மாசமாச்சு, ஒண்ணுமே தெரியலை” என்று விட்டுவிடுபவர்கள் சரியாகப் பலன் தெரியப்போகும் நேரத்தில் விடுகிறார்கள்.

உங்கள் இரண்டு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் ஸ்குவாட், தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது), டம்பெல் ரோயிங் (முன்னே சாய்ந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது), கெண்டைக்கால் பயிற்சி (குதிகாலைத் தூக்கி இறக்குவது). இரண்டாம் நாள் ருமேனியன் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் டம்பெல் தள்ளுவது, கேபிளை மேலிருந்து இழுப்பது அல்லது புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), ஒரு காலைப் பின்னால் வைத்துச் செய்யும் ஸ்பிலிட் ஸ்குவாட், மறுபடி கெண்டைக்கால். ஒவ்வொன்றும் 6 முதல் 10 தடவை, 2 அல்லது 3 செட். இடையில் மூன்று நாள் விட்டால் நல்லது, இரண்டு நாளும் போதும். வார்ம்-அப் என்றால் அதே பயிற்சியை லேசான எடையில் ஒன்றிரண்டு செட் செய்வது; அரை மணி நேரம் டிரெட்மில்லில் ஓடுவதல்ல. பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் உட்காருங்கள். இதைக் கேட்டதும் பலருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது, சும்மா உட்கார்வதா என்று. ஓய்வைக் குறைத்தால் அடுத்த செட்டில் தூக்கும் எடை குறையும்; நாம் வந்ததே அந்த எடைக்காகத்தான்.

இதில் கற்றுக்கொள்ளக் கடினமானது ருமேனியன் டெட்லிஃப்ட். பெரும்பாலானவர்கள் இடுப்பை மடக்குவதற்குப் பதில் முதுகை வளைக்கிறார்கள், அல்லது முழங்காலை மடக்கி அதை இன்னொரு ஸ்குவாட் ஆக்கிவிடுகிறார்கள். சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாக மட்டும் தளர்த்திக்கொண்டு, பின்புறத்தால் சுவரைத் தொடுங்கள். நெஞ்சு தானாக முன்னே சாயும், தொடையின் பின்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். தொடுவது எளிதாகிவிட்டால் இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி நின்று செய்யுங்கள். இது கைவந்த பிறகு டம்பெல்லைக் கையில் எடுத்தால் போதும்.

எடை கனமாக இருக்க வேண்டுமா, லேசான எடையை நிறையத் தடவை தூக்கினால் ஆகாதா என்ற சண்டை ஓயாமல் நடக்கும். தசையின் அளவு மட்டும்தான் நோக்கம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற எடையில் 30 சதவீதத்தைத் தூக்கினாலும், செட்டை முடியாத இடம் வரை கொண்டுபோனால் தசை வளரும். ஆனால் பலம் என்று வந்தால் கனமான எடைதான் முந்துகிறது. அதோடு, 30 தடவை தூக்கி எரிச்சலில் துடிப்பதைவிட 8 தடவை தூக்கிவிட்டு உட்கார்வது மனசுக்கும் சுலபம்.

இப்போது பேட்மின்டன். உடம்பு இறுகிப் போகும் என்ற பயம் பழையது, அதற்கு அடிப்படை இல்லை. மூட்டை அதன் முழு வீச்சுக்கும் அசைத்துச் செய்யும் எடைப்பயிற்சி நெகிழ்வைக் கூட்டவே செய்யும். சும்மா பருத்தும் போய்விட மாட்டீர்கள். அப்படிப் பருக்க ஆசைப்பட்டு வருடக்கணக்கில் வாரம் நாலைந்து நாள் தூக்கி, வேண்டுமென்றே கூடுதலாகச் சாப்பிடுபவர்களுக்கே அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை. நார்வேயில் ஓட்டப்பந்தய வீரர்களை வைத்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 8 வாரம், வாரம் மூன்று நாள், 4 தடவைக்கு மேல் தூக்க முடியாத எடையில் 4 செட் அரை ஸ்குவாட் செய்யச் சொன்னார்கள். ஒரே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆக்சிஜன் சுமார் 5 சதவீதம் குறைந்தது. உடல் எடை கூடவில்லை. எடை ஏறாமல் பலம் மட்டும் ஏறினால் ஓடுபவருக்கு ஒவ்வோர் அடியும் கொஞ்சம் மலிவாகிவிடுகிறது.

ஆட்டத்துக்கு வேண்டியது பலம் மட்டுமல்ல என்பதும் உண்மை. ஒரு தசை தன் முழு விசையை எட்ட ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்காவது பிடிக்கும். பாய்ந்து ஓடும்போது பாதம் தரையில் இருப்பதோ பத்தில் ஒரு பங்குதான். அதனால் அந்தக் குறுகிய நேரத்துக்குள் எவ்வளவு விசையை வெளியே கொண்டுவர முடிகிறது என்பதுதான் களத்தில் வேகமாகத் தெரிகிறது. அடித்தளமாக முதல் மூன்று மாதம் பலத்தை ஏற்றிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பயிற்சி நாளின் தொடக்கத்திலும், களைப்பு வருவதற்கு முன், சின்னச் சின்னத் தாவல்களை மூன்று, நான்கு செட் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு செட்டில் ஐந்து தாவலுக்கு மேல் வேண்டாம்; ஒவ்வொன்றும் உயரமாக, சத்தமில்லாமல் இறங்குவதாக இருக்கட்டும். ராக்கெட் கையில் எடையைக் கட்டி ஸ்மாஷ் அடித்துப் பழகுவது, ஆடும் பந்தின் மேல் நின்று ஸ்குவாட் செய்வது போன்றவை படம் பிடிக்க நன்றாக இருக்கும். அதில் பலமும் ஏறாது, ஆட்டமும் கெடும். ஆட்டத்தைக் களத்தில் பழகுங்கள், பலத்தை ஜிம்மில் ஏற்றுங்கள்.

கெண்டைக்கால் பயிற்சியை இரண்டு நாளிலும் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாற்பதை ஒட்டிய வயதில், வாரம் ஒருமுறை மட்டும் பாய்ந்து ஆடுகிறவர்களுக்கு, குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்துபோவது பேட்மின்டனில் பேர்போன காயம். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது என்பார்கள், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். தசை சில வாரங்களில் தேறும். தசைநாணுக்குப் பல மாதம் வேண்டும். அதனால் ஒரு காலில் நின்று, கையில் எடையோடு, மூன்று நொடி ஏறி மூன்று நொடி இறங்கும் கெண்டைக்கால் பயிற்சியை அவசரப்படாமல் ஏற்றிக்கொண்டே வாருங்கள். காயம் பற்றிப் பேசும்போது 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வையும் சொல்ல வேண்டும். 25 சோதனைகள், 26,000 பேருக்கு மேல். வலுப்பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. காயத்தைத் தடுக்கும் என்று எல்லோரும் செய்யும் ஸ்ட்ரெச்சிங்கில் அப்படி எந்தப் பலனும் தென்படவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் கால் பயிற்சி வேண்டாம். தசை வலி ஒரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும், சில சமயம் மூன்று நாள் இருக்கும். போட்டி நெருங்கும் வாரத்தில் செட்டைப் பாதியாகக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். நடையும் எடையும் ஒன்றையொன்று கெடுக்குமா என்ற கவலையும் வேண்டாம். அந்தப் பேச்சு ராபர்ட் ஹிக்சன் 1980-ல் செய்த சோதனையிலிருந்து வருகிறது. அதில் கலந்துகொண்டவர்கள் வாரம் ஐந்து நாள் எடையும் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துச் செய்தார்கள். முக்கால் மணி நேர நடைக்கு அதோடு சம்பந்தமில்லை.

சாப்பாட்டில் புரதம் ஒன்றைத்தான் எண்ண வேண்டும். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை பயன் ஏறுகிறது, அதற்கு மேல் பெரிதாக இல்லை. 70 கிலோ எடை உள்ளவருக்கு 112 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். விற்கப்படும் தூள்களில், தசைக்குச் சட்டென்று சக்தி கிடைக்க உதவும் கிரியேட்டின் ஒன்றுதான் காசுக்குத் தகுந்தது, தினம் 3 முதல் 5 கிராம். மற்றவை பெரும்பாலும் டப்பாவின் அழகு.

நடுவில் மூன்று வாரம் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் ஒரு குழுவை 6 வாரம் பயிற்சி, 3 வாரம் ஓய்வு என்று மாற்றி மாற்றி ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தார்கள். விடாமல் செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் கடைசியில் பெரிய வித்தியாசமில்லை. திரும்பி வரும் முதல் நாள் மட்டும் பழைய எடையில் முக்கால் பங்கு போதும், வீரத்தைக் காட்ட வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகோ, முதல் முறையாகவோ அளவுக்கு மீறிச் செய்து, தசை வீங்கி, சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்த அழுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த வயதில் சொல்லாமல் விட முடியாது. மூச்சை அடக்கிக் கனமாகத் தள்ளும்போது அழுத்தம் தற்காலிகமாக எகிறும். 1985-ல் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே அளந்து பார்த்தபோது, இரண்டு காலாலும் லெக் பிரஸ் (உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளுவது) செய்கையில் சராசரியாக 320/250 வரை போயிருந்தது. ஆரோக்கியமான ரத்தக் குழாய் அந்த சில நொடிகளைத் தாங்கிக்கொள்ளும். கட்டுப்படாத அழுத்தம் உள்ளவர் முதலில் அதைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகும் மூச்சை விட்டபடியே தள்ள வேண்டும், முடியாத எல்லை வரை போகக் கூடாது. நாள்பட்ட கணக்கில் பார்த்தால் எடைப்பயிற்சி ஓய்வு நேர அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது.

கடைசியாக அம்மா. வயதானவர்களுக்கு எடை ஆகாது என்ற எண்ணத்தை 1990-லேயே மரியா ஃபியாடரோனும் அவருடைய குழுவும் தகர்த்துவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு 8 வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. கைத்தடியோடு நடந்தவர்களில் இரண்டு பேர் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

எலும்புக்கு வந்தால், ஆஸ்திரேலியாவில் நடந்த ‘லிஃப்ட்மோர்’ சோதனை முக்கியமானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். ஒரு பாதிப் பேர் 8 மாதம், வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் டெட்லிஃப்ட் (எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குவது, உயரத்திலிருந்து இறங்குவது ஆகியவற்றைச் செய்தார்கள். எடை அவர்களுடைய உச்ச பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல். அவர்களுடைய இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு, தான் லேசாக வளையும் அளவுக்குச் சுமை வந்தால்தான் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ டம்பெல்லை ஐம்பது தடவை ஆட்டுவது அதற்குக் காதில் விழாது. ஆனால் அந்தப் பெண்கள் முதல் மாதம் முழுக்க லேசான சுமையில் அசைவுகளை மட்டும் கற்றார்கள், ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார். அந்த இரண்டையும் விட்டுவிட்டு எடையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே அம்மாவுக்கு ஏற்கெனவே முதுகெலும்பில் முறிவு உண்டா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகை வளைத்துக் குனிந்து எதையும் தூக்குவதோ, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியோ வேண்டவே வேண்டாம். முதல் வாரம் ஓர் உறுதியான நாற்காலி போதும். நுனியில் உட்கார்ந்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுகிறார் என்றால் உட்காரும் பலகையின் மேல் கனமான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், ஆனால் கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். பாதி பலனை நீங்கள் எடுத்துக்கொண்டுவிடுவீர்கள். எட்டு தடவை, இரண்டு செட். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, சுவரில் சாய்ந்து தண்டால். வாரம் இரண்டு நாள் இதுவே போதும். மெத்தையை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு தடவை ஒரே சீராக எழுந்து உட்கார முடிகிற அன்று, 2 கிலோ டம்பெல் ஒன்றை அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக் கொடுங்கள். அவருக்கும் தனியாக ஒரு குறிப்பேடு வையுங்கள்.